வீட்டுல செஞ்ச ஸ்விம்மிங் பூல் கிளீனிங் சாமான் ரிவ்யூ: எது உழைக்குது, எதக் கடையில தான் வாங்கணும்

எங்க தோட்டம் பொள்ளாச்சிக்குத் தெக்கால ஆனைமலை போற பக்கம் இருக்குதுங்க. தென்னந்தோப்புக்குள்ள வீடு, வீட்டுக்குப் பின்னாடி 20 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழத்துல ஒரு சின்ன நீச்சல் குளம், கணக்குப் போட்டா சுமார் 22,600 லிட்டர் தண்ணி. சொந்தக்காரங்க வந்தா குழந்தைங்க எறங்குறதே அதுலதான், அதனால அது சுத்தமா இருக்கணும்ங்கறதுல எங்க வீட்டுல யாரும் சமரசம் பண்ண மாட்டோம். ஆனா நம்ம பக்கம் காத்து எப்படின்னு தெரியுமில்ல, பாலக்காட்டுக் கணவாய் வழியா வைகாசி கடைசியில ஆரம்பிச்சு ஆடி முடியற வரைக்கும் அடிக்கிற காத்துல வேப்பந்தழை, தென்னம்பூ, பன்னாடைத் துணுக்கு, செம்மண் தூசி எல்லாம் நேரா குளத்துக்குள்ள தான் வந்து எறங்கும். காலைல வலைய விட்டு அள்ளுனா மத்தியானம் மறுபடி அதே கோலம்.

கோயம்புத்தூர்ல ஒரு பூல் சாமான் கடையில கம்பு, வலை, பிரஷ், வேக்கம் ஹெட்டு, ஓஸ் எல்லாம் சேர்த்து கேட்டப்ப 12,000 ரூபா கிட்ட சொன்னாங்க, தானா ஓடுற ரோபோ வேணும்னா அரை லட்சத்துக்கு மேல. மாசாமாசம் வந்து சுத்தம் பண்ணிக் குடுக்கற சர்வீஸும் இருக்குது, ஆனா தோட்டம் வரைக்கும் வர்றதுக்கு வண்டி வாடகை தனியா கேக்கறாங்க. அதான் போன வருஷ ஆடிக்கு முன்னாடியே பிவிசி பைப்ப வெச்சு ஒவ்வொரு சாமானா செஞ்சு ஓட்டிப் பாத்தோம். இப்ப ஒரு முழு சீசன் ஓடிருச்சு, அதனால எது நின்னுச்சு, எது தேறலன்னு சொல்ல முடியும். நெட்டுல பாத்தா எல்லாமே ஈஸின்னு தான் காட்டுறாங்க, எதச் செய்யக் கூடாதுன்னு சொல்றவங்க கம்மி, எனக்கு அது தான் முக்கியமாப் படுது. என்னோட முடிவ மொதல்லயே சொல்லிர்றேன்: அழுக்கத் தள்ளுற, அள்ளுற, உறியிற சாமான் எல்லாத்தையும் தாராளமா வீட்டுல செய்யலாம், தண்ணியில என்ன இருக்குதுன்னு அளக்கற சாமானையும் கரண்டு தொடுற சாமானையும் குளத்து அடியில இருக்கற டிரெயின் மூடியையும் மட்டும் காசு குடுத்து வாங்கிருங்க.

கம்புல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா மத்த எல்லாமே அதுல தான் மாட்டணும். கடையில விக்கற இழுத்து நீட்டுற அலுமினியக் கம்பு 1,500ல இருந்து 2,500 வரைக்கும் இருக்குது. வீட்டு ஒட்டடைக் கம்பு மெலிசு, தண்ணிக்குள்ள வலைய வெச்சு இழுத்தா வளைஞ்சுரும், துருவும் புடிக்கும். முக்கா இஞ்ச் பிவிசி பைப்பு 12 அடி நீளத்துக்கு ஒத்தையா போட்டா நடுவுல வில்லு மாதிரி வளையுது, கை தான் வலிக்கும். ஒரு இஞ்ச் பைப்புக்குள்ள ஒரு மூங்கில் குச்சிய டைட்டா எறக்கி ரெண்டு எடத்துல எஸ்எஸ் (துருப் புடிக்காத ஸ்டெயின்லஸ் ஸ்டீல்) ஸ்குரூ போட்டதும் நிமிந்து நிக்குது. எங்க தோப்புல தேங்கா பறிக்கிற தொரட்டிக்கு வெட்டி வெச்ச மூங்கில் கெடந்துச்சு, அதனால பைப்பு செலவு மட்டும் தான். மூங்கில் கெடைக்காத ஊர்ல இருக்கறவங்க கடைக் கம்பே வாங்கிக்கலாம், இதுல பெருசா மிச்சம் புடிக்க முடியாது. ஆனா ஒண்ணு, அலுமினியக் கம்பு வாங்குனீங்கன்னா குளத்துக்கு மேல கரண்டுக் கம்பி எதுவும் போகுதான்னு பாத்துட்டு நிமித்துங்க. தோட்டத்து வீடுகள்ல சர்வீஸ் வயர் தாழ்வா தொங்குறது சகஜம், ஈரக் கையில 16 அடி அலுமினியத்தத் தூக்கறது வெளையாட்டு இல்ல.

அடுத்தது இலை அள்ளுற வலை. இத நான் மனசார சிபாரிசு பண்றேன், கடை வலைய விட நம்ம செஞ்சது நல்லாருக்குதுன்னு அடிச்சுச் சொல்லுவேன். அரை இஞ்ச் பிவிசி பைப்பு, நாலு எல்போ (மூலை வளைவு), நடுவுல கம்பு மாட்ட ஒரு டீ (மூணு வாய் இருக்கற ஜாயின்ட்), ஒரு ரெட்யூசர் (பெரிய பைப்பையும் சின்ன பைப்பையும் சேக்கற ஜாயின்ட்), அவ்வளவு தான் பிரேமு. அகலம் ஒண்ணரை அடி, முன் பக்கம் நேரா இருக்கணும், வட்டமா இருந்தா தரையில கெடக்கற இலைய அள்ளாது, ஓரத்துல ஒரு புள்ளி தான் தரையத் தொடும். பைப்புக்குள்ள காத்து அடைபட்டா பிரேம் மேல மேல மெதக்கும், அடியில அழுத்தறதுக்கே பாதி தெம்பு போயிரும், அதனால ஒவ்வொரு பக்கத்துலயும் டிரில்ல ரெண்டு ரெண்டு ஓட்டை போட்டு விட்டீங்கன்னா உள்ள தண்ணி ரொம்பி தானா எறங்கிரும். வெளிய எடுக்கறப்ப அதே ஓட்டை வழியா தண்ணி வடிஞ்சுரும்.

வலைத் துணிக்கு பச்சை நெழல் வலை சரிப்படல, வெறப்பா நிக்குது, தென்னம்பூ ஓட்டை வழியா நழுவிருது. பழைய கர்ட்டன் துணி நெருக்கமா இருக்கறதால தண்ணி உள்ள போகாம முன்னாடியே தள்ளிட்டுப் போகுது, அதோட இலையும் ஒதுங்கிப் போயிருது. ஜன்னலுக்கு அடிக்கிற கொசு வலை தான் சரியா பொருந்துச்சு, அதுலயும் பைபர் கிளாஸ் வலை வேண்டாம், வெட்டுன ஓரம் கையக் குத்துது, பாலியெஸ்டர் வலைன்னு கேட்டு வாங்குங்க, குளோரின் தண்ணிய நைலான விட அது நல்லா தாங்கும். வீட்டுக்குப் பக்கத்துல துணி தைக்கிற அக்கா கிட்ட ஒரு அடி ஆழத்துக்குப் பை மாதிரி வேணும்னு குடுத்தேன், அவங்களாவே "காட்டன் நூல் வேண்டாங் கண்ணு, ஈரத்துலயே கெடந்தா இத்துப் போயிரும், பாலியெஸ்டர் நூல்லயே ஓட்டிர்றேன்"னு சொல்லி ஓரத்துல ரெண்டு மடிப்பு வெச்சு தைச்சுக் குடுத்தாங்க, அந்தத் தையல் இன்னும் பிரியல. பை ஆழமா இருக்கறது ரொம்ப முக்கியம்ங்க, தட்டை வலையில அள்ளுன இலை நம்ம கம்ப பின்னால இழுக்கறப்ப மறுபடி தண்ணிக்குள்ளயே போயிரும், ஆழமான பையில அப்படி ஆகறது இல்ல. மொத்தச் செலவு 300 ரூபாய்க்குள்ள. 10க்கு 9 குடுப்பேன், ஒரு மார்க்கு எதுக்குக் கொறைச்சேன்னா எல்போ மூலையில எறும்பு, சின்னப் பூச்சி எல்லாம் போய் ஒட்டிக்குது, தட்டிக் கழுவணும்.

செவுத்து பிரஷ் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. பாத்திரக் கடையில தரை தேய்க்கிற நைலான் பிரஷ் அகலமானதா ஒண்ணு வாங்கி கம்புல ஸ்குரூ போட்டா வேலை முடிஞ்சுது. ரெண்டே விஷயம் தான். ஸ்குரூ, நட்டு எல்லாம் எஸ்எஸ்ல போடுங்க, சாதா இரும்பு போட்டா துரு எறங்கி டைல்ஸ் மேல பழுப்புக் கோடு விழும், அது சுலபத்துல போகாது. இன்னொண்ணு, இரும்புக் கம்பி பிரஷ்ஷ டைல்ஸ் கிட்டயே கொண்டு போகாதீங்க, வெறும் சிமென்ட் பூச்சுக் குளத்துக்குன்னா கூட ஸ்டெயின்லஸ் கம்பி பிரஷ் தான் போடணும். பாசி புடிச்ச டைல்ஸ் சந்துல ஆசிட்ட ஊத்தித் தேய்க்கச் சொல்லி நெறைய பேர் சொல்லுவாங்க, ஆசிட்டு டைல்ஸுக்கு நடுவுல இருக்கற சிமென்ட்டத் தின்னுரும், அப்பறம் அந்தச் சந்துலயே பாசி இன்னும் நல்லா வேர் புடிக்கும். நைலான் பிரஷ்ஷும் சரியான அளவு குளோரினும் போதும்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வர்றேன், அடியில படியிற செம்மண்ண எடுக்கற வேக்கம். எங்க குளத்தக் கட்டுனவங்க வேக்கம் பாயின்ட்டே (பில்டர் மோட்டாரோட இழுவைக்கு ஓஸ் மாட்டற வாய்) வெக்காம விட்டுட்டாங்க, சின்ன மணல் பில்டரும் அரை எச்பி மோட்டாரும் தான் இருக்குது, அதனால கடை வேக்கம் ஹெட்டு வாங்குனாலும் மாட்டறதுக்கு எடமே இல்ல. இந்த மாதிரி இருக்கற குளத்துக்கு சைபன் முறை தான் வரப்பிரசாதம். மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம், குளத்துத் தண்ணி மட்டத்த விட ஓஸோட வெளி முனை தாழ்வா இருந்தா போதும், தண்ணி தானா இழுத்துட்டு ஓடும். இங்க நெறைய பேர் கொழம்புறாங்க, குளத்தோட தரைய விட வெளி முனை தாழ்வா இருக்கணும்னு நெனைச்சு நம்ம எடத்துல ஆகாதுன்னு விட்டுர்றாங்க. அப்படி இல்லைங்க, கணக்கு தண்ணி மட்டத்துல இருந்து தான். எங்க குளத்துல இருந்து தோப்புப் பக்கம் நெலம் சரிவு, தண்ணி மட்டத்துக்கும் ஓஸ் முனைக்கும் 5 அடி எறக்கம் கெடைக்குது. உங்க வீட்டுல 2 அடி தான் கெடைக்குதுன்னாலும் ஓடும், வேகம் மட்டும் கொறையும்.

ஹெட்டு செய்யறதுக்கு ஒண்ணரை இஞ்ச் பைப்பு, கடையில 50 எம்எம்னு கேட்டா குடுப்பாங்க. ஒரு டீ எடுத்து ரெண்டு பக்கமும் பைப்பு வெச்சு மொத்தம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல வர்ற மாதிரி பண்ணி, ரெண்டு முனையிலயும் எண்ட் கேப் சொல்யூஷன் போட்டு ஒட்டிருங்க. அடிப்பக்கம் ஹேக்ஸா பிளேடுல ரெண்டு கோடு பக்கத்து பக்கத்துல இழுத்து நடுவுல இருக்கறத எடுத்துட்டா ஒரு சந்து கெடைக்கும், அந்தச் சந்தோட அகலம் மூணு, மூணரை எம்எம் தான் இருக்கணும். எதுக்கு இவ்வளவு கறாரா சொல்றேன்னா, ஓஸோட உள் விட்டம் 38 எம்எம், அதோட வாய்ப் பரப்பு சுமார் 11 சதுர சென்டிமீட்டர். ஒரு அடி நீளச் சந்துல மூணரை எம்எம் அகலம் வெச்சா அதுவும் கிட்டத்தட்ட 10, 11 தான் வருது. சந்து இத விடப் பெருசாயிட்டா நடுவுல மட்டும் உறியும், ரெண்டு ஓரத்துலயும் செம்மண்ணு அப்படியே கெடக்கும். நெட்டுல பெரிய பெரிய ஓட்டை போட்ட ஹெட்டுங்க காட்டறாங்களே, அதெல்லாம் சரியா உறியாததுக்குக் காரணம் இது தான்.

பிவிசி லேசா இருக்கும், தரையில ஒக்காராது. அதுக்கு முக்கா இஞ்ச் பைப்புத் துண்டு ரெண்டுல மணல் ரொப்பி மூடி ஒட்டி, ஹெட்டுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கேபிள் டை போட்டுக் கட்டிருங்க, வெயிட்டும் ஆச்சு. அந்தக் கேபிள் டையோட முடிச்சு இருக்குதுல்ல, அத அடிப்பக்கமா திருப்பி விட்டீங்கன்னா ஹெட்டு தரையில இருந்து நாலஞ்சு எம்எம் தூக்கி நிக்கும், சந்து தரையோட ஒட்டிப் புடிச்சுக்காது, பிளாஸ்டிக்கா இருக்கறதால டைல்ஸையும் கீறாது. இந்தச் சின்ன யோசனை பொள்ளாச்சியில எங்களுக்குப் பைப்பு சாமான் குடுக்கற கடைக்கார அண்ணன் சொன்னது. ஒட்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சும்மா மாட்டிப் பாத்துக்கங்கன்னு கடையிலயே எடம் குடுத்தாரு, வேண்டாத ரெட்யூசர் ரெண்டத் திருப்பி வாங்கிக்கிட்டாரு, அந்தப் பொறுமைக்கே அங்க மறுபடி போகலாம்.

ஓஸுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஒரு இஞ்ச் தோட்ட ஓஸ் வீட்டுல சும்மா கெடக்குதேன்னு போட ஆசையா இருக்கும், ஆனா 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்ட வெளி முனையில வெச்சுப் பாத்தா ஒரு இஞ்ச் ஓஸ்ல ரொம்ப அரை நிமிஷம் ஆகுது, ஒண்ணரை இஞ்ச் சக்ஷன் ஓஸ்ல அதே பக்கெட்டு 12, 13 செகண்டுல ரொம்பிருது, நிமிஷத்துக்கு 100 லிட்டர் கிட்ட வருது. இழுவை கம்மியா இருந்தா மணல் தரைய விட்டு எழும்பவே எழும்பாது. அதனால கம்பிச் சுருள் வெச்ச அந்தப் பச்சை சக்ஷன் ஓஸ்ல 40 அடி வாங்குனோம், மொத்தச் செலவுல பெரும் பங்கு அதுக்குத் தான் போச்சு. சாதா ஓஸ் போட்டா உறியிற எடத்துல சப்பிப் போயி அடைச்சுக்கும், சுருள் இருக்கறதே அதுக்குத் தான்.

சைபன் ஆரம்பிக்க வாய வெச்சு உறியற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், அது அழுக்குத் தண்ணி, குளோரின் தண்ணி. வெளி முனையில ஒரு பால் வால்வு (கைப்பிடியத் திருப்பித் தொறந்து மூடறது) மாட்டுங்க. ஹெட்டத் தண்ணிக்குள்ள போட்டு, வால்வு பக்கம் தோட்டத்து ஓஸ வெச்சு தண்ணி விட்டா ஹெட்டு வழியா கொப்புளம் கொப்புளமா காத்து வெளிய வரும், கொப்புளம் நின்னதும் வால்வ மூடி கீழ கொண்டு போய்த் தொறந்து விடுங்க, அவ்வளவு தான். ஓட்டறப்ப கம்ப மெதுவா, வாசல்ல கோலத்துக்கு இழுக்கற மாதிரி நிதானமா இழுக்கணும், வேகமா தள்ளுனா செம்மண் கிளம்பி தண்ணி கலங்கி, மறுபடி படியற வரைக்கும் காத்திருக்கணும். நெதானமா போனா ஹெட்டு போன எடத்துல டைல்ஸோட நீலம் பளிச்சுன்னு தனிக் கோடா தெரியும், பக்கத்துல செம்மண் படிஞ்ச எடம் பழுப்பா அப்படியே இருக்கும், அந்த ஓரம் பாத்து அடுத்த இழுவைய வெச்சுக்கலாம்.

இதுல ஒரே கொறை தண்ணி செலவு. எங்க குளத்துல ஒரு இஞ்ச் எறங்குனா 470 லிட்டர் போச்சுன்னு அர்த்தம், 20 நிமிஷம் ஓட்டுனா 2,000 லிட்டர், நாலு இஞ்சுக்கு மேல எறங்கும். எங்களுக்கு அது தென்னம் பாத்திக்குப் போயிருது, அதனால வீணில்ல. ஆனா பாய விடறதுக்கு முன்னாடி குளோரின் கொறைஞ்சிருக்கான்னு பாத்துட்டு விடுவோம், வெயில்ல சில மணி நேரத்துலயே வெறும் குளோரின் கொறைஞ்சுரும், அதனால சாயங்காலம் ஓட்டறது தான் வழக்கம். உப்புத் தண்ணியில ஓடுற குளமா இருந்தா செடிக்கு விடவே கூடாது. டவுன்ல லாரித் தண்ணி வாங்கி ரொப்புறவங்களுக்கு இந்த முறைய நான் சொல்ல மாட்டேன், அவங்களுக்கு வேக்கம் பாயின்ட் வெச்சு பில்டர் வழியா சுத்த விடறது தான் லாபம்.

வெஞ்சுரி வேக்கம்னு இன்னொண்ணு இருக்குது, தோட்டத்து ஓஸ மாட்டுனா இலைய மேல தூக்கி வலைப் பைக்குள்ள தள்ளும். நாலு இஞ்ச் பைப்பு ஒரு அடித் துண்டு, பக்கவாட்டுல ஓட்டை போட்டு அரை இஞ்ச் லைன் உள்ள விட்டு, உள்ள ஒரு எல்போ வெச்சு மேல பாத்து திருப்பி, முனையில எண்ட் கேப்ல சின்ன ஓட்டை. அந்த ஓட்டை வழியா பீச்சி அடிக்கற தண்ணி சுத்தி இருக்கற தண்ணியையும் சேத்து மேல இழுக்கும், அதோட இலையும் வரும். யோசனை நல்ல யோசனை தான், ஆனா பிரஷர் வேணும்ங்க. மொட்டை மாடி டேங்க் தண்ணியில இது வேலை செய்யாது, 10 மீட்டர் உயரத்துக்குத் தான் 1 பார் பிரஷர் கெடைக்கும், ஒத்தை மாடி வீட்டு டேங்க்குல அதுல பாதி கூட வராது. போர் மோட்டார் லைன்ல நேரா மாட்டுனப்ப வேப்பந்தழை, தென்னம்பூ எல்லாம் சரசரன்னு பைக்குள்ள ஏறுது, பாக்கவே திருப்தியா இருக்குது. மண்ணு மட்டும் ஏறாது, ஏறுனாலும் வலை வழியா மறுபடி வெளிய வந்து தண்ணியக் கலக்கிரும். மரத்துக்கடியில குளம் இருக்கறவங்களுக்கு உபயோகம், மத்தவங்களுக்கு அந்த ஆழமான வலையே போதும். 10க்கு 6.

பக்கெட் பில்டர் பத்தி வீடியோ நெறைய சுத்துது, ஏர் கூலர் பம்ப்ப பக்கெட்டுல போட்டு மேல தலகாணிப் பஞ்சு வெச்சு குளத்துல மெதக்க விடறது. இதச் செய்யாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். அந்தப் பம்ப்பு 230 வோல்ட்ல ஓடுறது, வயர் ஜாயின்ட்ல ஈரம் எறங்குனா குளத்துத் தண்ணி மொத்தமும் ஷாக் அடிக்கும், உள்ள குழந்தை இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அது தவிர ஒழைப்பும் கெடையாது, எங்க அளவு குளத்துத் தண்ணிய 8 மணி நேரத்துல ஒரு சுத்து சுத்தணும்னா மணிக்கு 2,800 லிட்டராவது ஓடணும், கூலர் பம்ப்பு பஞ்சு வழியா அத எங்க தள்ளப் போகுது. குளத்து மோட்டாருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா ஒடனே கட் பண்ற சுவிட்ச்) கட்டாயம் போடுங்க, எர்த்து சரியா இருக்குதான்னு எலெக்ட்ரீஷியன வெச்சுப் பாத்துக்கங்க. இதுல மிச்சம் புடிக்கறது மிச்சமே இல்ல.

அதே மாதிரி அடியில இருக்கற டிரெயின் மூடி. ஒடைஞ்சு போச்சுன்னு பிவிசி எண்ட் கேப்ல ஓட்டை போட்டு மூடறத நானே ஒரு வீட்டுல பாத்தேன், மனசே பதறிருச்சு. மோட்டார் ஓடறப்ப அந்த ஓட்டையில முடியோ ஒடம்போ அப்பிக்கிச்சுன்னா பெரியவங்களாலயே பிரிச்சு எடுக்க முடியாது. அமெரிக்காவுல இந்த மாதிரி ஒரு சின்னப் பொண்ணு எறந்து போனதுக்கு அப்பறம் 2007ல இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டு, ஒடம்பு ஒட்டிக்காத மாதிரி டிசைன் பண்ணுன மூடி தான் பொதுக் குளங்கள்ல போடணும்னு கொண்டு வந்தாங்க. மூடி ஒடைஞ்சா மோட்டார நிறுத்திட்டு, குளத்துல யாரையும் எறக்காம, சரியான மூடி வாங்கி மாட்டற வரைக்கும் பூட்டி வைங்க.

மருந்து விஷயம் வர்றப்ப, டாப்லெட் மெதக்க விடறதுக்குத் தண்ணி பாட்டில்ல ஓட்டை போட்டுக்கலாம்னு சொல்றாங்க. கடை மெதவை 200, 300 ரூபா தான், மூடி பூட்டிக்கிட்டு இருக்கும், குழந்தை கையில தொறக்காது, அதனால அத வாங்குங்க. பிளீச்சிங் பவுடர் போட்ட டப்பாவுல, மெதவையில டிசிசிஏ (TCCA, இன்னொரு வகைக் குளோரின்) மாத்திரையப் போடவே கூடாது, ரெண்டும் கலந்தா தீ புடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டும் குளோரினும் ஒண்ணு சேந்தா விஷக் காத்து கெளம்பும், ரெண்டையும் ஒரே அலமாரியில கூட வெக்காதீங்க. கரைக்கறப்ப பக்கெட்டுல தண்ணிய மொதல்ல எடுத்து அதுல மருந்தப் போடுங்க, மருந்து மேல தண்ணிய ஊத்தாதீங்க. நாங்க பிளீச்சிங் பவுடர் தான் போடறோம், நல்ல சரக்குல மூணுல ஒரு பங்கு குளோரின் இருக்கும், எங்க 22,600 லிட்டருக்கு ஒரு பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லி கிராம்) ஏத்தணும்னா 70 கிராம் கிட்ட ஆகுது. பக்கெட்டுல கரைச்சு சுண்ணாம்பு அடியில படியட்டும்னு விட்டு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் குளத்துல ஊத்துனா தரையில வெள்ளைப் பொடி படியாது, அடுத்த நாள் வேக்கம் வேலையும் கம்மி. மூட்டையத் தொறந்து வெச்சா வீரியம் எறங்கிட்டே போகும், சின்னப் பொட்டணமா வாங்குங்க.

கடைசியா டெஸ்ட் கிட்டு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குது, எதுக்கு டெஸ்ட்டுன்னு கேக்கறவங்க உண்டு, தெளிவா இருக்கற தண்ணியில குளோரின் சுத்தமா இல்லாமயும் இருக்கலாம். குளோரின் 1ல இருந்து 3 பிபிஎம், பிஹெச் (தண்ணியோட அமில, காரத் தன்மைக்கான எண்) 7.2ல இருந்து 7.8, இந்த ரெண்டும் அதுக்குள்ள இருந்தா பெரும்பாலும் கண் எரிச்சலும் பாசியும் வராது. படிகாரம் போட்டு அழுக்கப் படிய வெக்கறவங்க மறுநாள் பிஹெச் பாக்காம எறங்காதீங்க, படிகாரம் அதக் கொறைச்சு விட்டுரும். மஞ்சள் கலர் காட்டற சொட்டு மருந்துக் கிட்டு மலிவு, ஆனா அது மொத்தக் குளோரினத் தான் காட்டும், அழுக்கோட சேந்து வேலை செஞ்சு தீந்து போனதையும் சேத்துக் காட்டும். ரோஸ் கலர் வர்ற டிபிடி கிட்டு தான் மிச்சம் இருக்கற குளோரினத் தனியா காட்டும், கொஞ்சம் வெலை கூட இருந்தாலும் அத வாங்குங்க. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குது, குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா ரோஸ் கலர் வந்த வேகத்துல வெளுத்துப் போயி தண்ணி கலரே இல்லாம நிக்கும், குளோரினே இல்லைன்னு நெனைச்சு இன்னும் கொட்டிருவாங்க. சந்தேகமா இருந்தா குளத்துத் தண்ணி ஒரு பங்குக்கு நல்ல தண்ணி நாலு பங்கு கலந்து மறுபடி டெஸ்ட் பண்ணுங்க, அப்ப ரோஸ் வந்துச்சுன்னா அளவு எக்கச்சக்கம்னு அர்த்தம், வர்ற எண்ண அஞ்சால பெருக்கிக்கங்க, அது எறங்கற வரைக்கும் யாரையும் விடாதீங்க.

மொத்தமா கம்பு, வலை, பிரஷ், சைபன் ஹெட்டு, ஓஸ், வால்வு, பிவிசி சொல்யூஷன் எல்லாம் சேத்து எங்களுக்கு 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல ஆச்சு, டெஸ்ட் கிட்டும் மெதவையும் தனி. வெயில்ல கெடந்தா பிவிசி வெளுத்து நொறுங்கிரும், வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில ஒரு அலசு அலசி நெழல்ல சாத்தி வைங்க, ஓஸ மடக்காம பெரிய வட்டமா சுருட்டி ஆணியில தொங்க விடாம தரையில படுக்கப் போடுங்க, தொங்குன எடத்துல சப்பிப் போச்சுன்னா சைபன் இழுவை போயிரும். வலைப் பை மட்டும் இந்த ஆடிக்கு முன்னாடி புதுசா தைக்கணும், முன் ஓரம் டைல்ஸ்ல ஒரசி ஒரசி மெலிஞ்சிருக்குது, இந்தத் தடவை அந்த ஓரத்துக்கு மட்டும் பழைய ஓஸ நீளவாக்குல கீறி மேல கவுத்தி விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கேன்.